பேய் சொன்ன சாட்சி

எனக்குப் பேய் பிடித்த கதையை இன்றைக்கும் லயத்து வீடுகளில் சொல்வார்கள். பிடித்தது வேறு யாருமில்லை, செத்துப்போன என் புருஷன்தான். லுணுகலைக்கு மேலே இருந்த எங்கள் தேயிலைத் தோட்டத்தில், கங்காணி அவரைத் தண்ணீர் ஓடும் கானுக்குள் தள்ளி நெஞ்சிலேயே மிதித்துக் கொன்றான். காய்ச்சலோடு, காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குத் தாமதமாகப் போனதுதான் அவர் செய்த குற்றம். நான் அப்போது லயத்தில் எங்கள் காம்பராவில் பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் கொழுந்து எடுத்த பெண்கள் அத்தனை பேரும் கண்ணால் பார்த்தார்கள். பார்த்துவிட்டு, கங்காணிக்குப் பயந்து வாயை மூடிக்கொண்டார்கள்.

கருமாதி முடிந்ததும் எனக்கு ஆட்டம் வந்தது. கோடாங்கி உடுக்கடித்து, "யாரு நீ, சொல்லு!" என்று கேட்டாராம். என் வாயிலிருந்து புருஷன் குரலில், "கங்காணிதான்டா என்னைய மிதிச்சே கொன்னான்!" என்று வந்ததாம். எனக்கு ஒன்றுமே நினைவில்லை. ஆனால் அதைக் கேட்ட பிறகுதான் அந்தப் பெண்களுக்குத் தைரியம் வந்தது. பொலீசில் போய்ச் சொன்னார்கள். கங்காணியைப் பிடித்துக்கொண்டு போனார்கள்.

பதுளைக் கோர்ட்டில் ஒவ்வொருத்தியாகக் கூண்டில் ஏறினார்கள். "இவர்தான் கொன்னாருன்னு உனக்கு எப்படித் தெரியும்?" என்று துபாசி கேட்டார். பார்த்தேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். பாவிகள்! "செத்தவரே சொன்னாருங்க, சாமி சத்தியமா!" என்றார்கள். தாங்கள் பார்த்ததைவிட அதுதான் பெரிய சாட்சி என்று மனசார நம்பினார்கள். துபாசி அதை இங்கிலீஷில் சொன்னதும் ஜட்ஜ் துரை சிரித்துவிட்டார். அதற்குமேல் அவர்களை யாரும் எதுவும் கேட்கவில்லை.

கடைசியில் என்னைக் கேட்டார்கள். "நான் ஒண்ணும் சொல்லலைங்க, அவருதான் பேசினாரு" என்றேன். வேறென்ன சொல்வேன்? கங்காணி அன்றைக்கே விடுதலையாகி, வெற்றிலை போட்டுக்கொண்டு வெளியே வந்தான்.

"அவரையே இன்னொரு தடவை கூப்பிட்டுக் கேப்போம்" என்று பெண்கள் கோடாங்கியை அழைத்து வந்தார்கள். தலையை விரித்துப்போட்டு உட்கார்ந்தேன். உடுக்கு அடித்துக் கோடாங்கியின் கை ஓய்ந்ததுதான் மிச்சம், எனக்கு ஒன்றும் வரவில்லை. பொறுக்க முடியாமல் எழுந்து நின்று கத்தினேன். "கங்காணிதான் கொன்னான்! நீங்க எல்லாரும் பார்த்தீங்க! கண்ணால பார்த்தோம்னு துரைகிட்டப் போயிச் சொல்லுங்கடி!"

கோடாங்கி என் முகத்தை உற்றுப் பார்த்தார். "அவரு இல்ல. இது இவளாப் பேசுறா" என்று உடுக்கைக் கீழே வைத்தார்.

பெண்கள் சேலையை உதறிக்கொண்டு எழுந்து போய்விட்டார்கள்.