மாவுக்கடை மாமா செய்த கொலை

தாராவியில் எங்களுக்கு அடுத்த சந்தில் இட்லி மாவு விற்றவர் ஒரு கொலைகாரர் என்று சின்ன வயதிலிருந்தே எனக்குத் தெரியும். அம்மா என்னை அவர் கடைக்கு அனுப்பமாட்டாள். ஆனால் மாவு அங்கிருந்துதான் வரும். பக்கத்து வீட்டு மராட்டிக்கார அக்காவிடம் டப்பாவைக் கொடுத்து வாங்கிவரச் சொல்வாள். "கொலகாரன் மொகத்துல முழிக்கப்படாது. ஆனா அவன் மாவு மாதிரி வேற எங்க கிடைக்கி?" என்பாள்.

பத்தாம் வகுப்புப் பரீட்சை முடிந்த விடுமுறையில், போனில் குற்றத் தொடர்களாகப் பார்த்து, நானும் ஒரு கொலையைத் துப்புத் துலக்குவது என்று முடிவு செய்தேன். மும்பைக் கொலைகளுக்குப் போலீஸ் இருந்தது. எங்கள் ஊர்க் கொலைக்கு யாரும் இல்லை.

ஊர், திருநெல்வேலிப் பக்கம் ஒரு சின்ன டவுன். நான் பிறப்பதற்கு வெகுகாலம் முன்பு, அங்கே மாதா கோயில் திருவிழாவுக்கு நாடகம் போட்டார்கள். ராஜா வேஷத்துக்கு இரண்டு இளைஞர்கள் ஆசைப்பட்டார்கள். கிடைக்காதவர் மாவுக்கடை மாமா. "ஒன்னக் கொல்லாம விடமாட்டேம்ல" என்று ஒத்திகையில் எல்லோர் முன்னாலும் கத்தியிருக்கிறார். திருவிழாவுக்கு முந்தைய நாள் ராஜாவைக் காணோம். ஆற்றங்கரையில் சிவப்புக் கறையோடு சட்டை மட்டும் கிடந்தது. போலீஸ் மாமாவை இரண்டு நாள் விசாரித்துவிட்டு, பிணம் கிடைக்காததால் விட்டுவிட்டது. அவர் பம்பாய்க்கு ரயிலேறிவிட்டார்.

எனக்கு அப்போது தமிழ் எழுத வராது. ஒரு நோட்டில் இந்தி எழுத்தில் சாட்சிகளின் வாக்குமூலத்தைக் குறித்துக்கொண்டேன். கோவண்டியில் இருந்த ஊர்க்காரத் தாத்தா ஒருவர், "என் கண்ணால பாத்தேன் பிள்ள. அருவா. ஒரே வெட்டு" என்றார். மாஹிமில் இருந்த என் அத்தை, "அருவாளா? கல்லத் தூக்கித் தலையில போட்டான். நான் பக்கத்துல நிக்கேன்" என்றாள்.

"அப்ப உங்களுக்கு என்ன வயசு அத்தை?"

"நாலு. ஆனா வெவரமான பிள்ள."

கடைசியில் குற்றவாளியிடமே போனேன். மாமா கிரைண்டரைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"மாமா, நீங்க கொலை செஞ்சீங்களா?"

அவர் பதறவில்லை. "எதால கொன்னேன்னு சொல்லுதாவ?" என்றார்.

"ஒருத்தர் அருவாங்கிறார். ஒருத்தர் கல்லுங்கிறாங்க."

"கல்லா?" அவர் முகம் வாடிவிட்டது. "கல்லத் தூக்கிப் போட்டா கொல்லுவாவ? நீ அருவான்னே எழுதிக்க."

"அப்ப கொன்னீங்களா?"

"இல்ல." கையைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் வந்தார். "ஏட்டி, இந்தச் சந்துல தண்ணிக்கு எல்லாரும் அடிச்சுக்கிடுதாவ. நான் கொடத்தோட போனா வழி விடுதாவ. வாலிபப் பயலுவ ஒருத்தனும் எங்கிட்ட வம்புக்கு வரமாட்டான். இதப் போயி கெடுத்துராத பிள்ள."

உண்மைதான் எனக்கு முக்கியம் என்றேன். அவர் பெருமூச்சு விட்டு, ஒரு துண்டுக் காகிதத்தில் செம்பூர் முகவரி ஒன்றை எழுதிக் கொடுத்தார். "செத்தவன்ட்டயே கேட்டுக்க."

மறுநாள் பஸ் பிடித்துச் செம்பூர் போனேன். மூன்றாவது மாடியில், அரை டிராயரோடு வழுக்கைத் தலைக்காரர் ஒருவர் கதவைத் திறந்தார். உள்ளே டிவியில் கிரிக்கெட் ஓடியது.

"அங்கிள், உங்க கொலைய விசாரிக்க வந்திருக்கேன்."

அவர் போய் டிவி சத்தத்தைக் குறைத்தார். "எந்தப் பேப்பர்?"

"பத்தாங்கிளாஸ்."

உட்காரச் சொல்லி, முறுக்கு கொடுத்து, எல்லாவற்றையும் சொன்னார். ராஜாவுக்கு இருபது பக்க வசனம். அவருக்கு இரண்டு பக்கத்துக்கு மேல் மனப்பாடம் ஆகவில்லை. வெட்கத்தில் பம்பாய்க்கு ரயிலேறிவிட்டார். சட்டையில் இருந்தது நாடகத்துச் சாயம்; ஆற்றில் கழுவியும் போகாததால் கரையிலேயே விட்டுவிட்டார். திருவிழா முடிந்ததும் ஊர் திரும்புவதாகத்தான் எண்ணம். அதற்குள் ஊரிலிருந்து வந்த ஒருவர், தான் யாரிடம் பேசுகிறோம் என்று தெரியாமலே, அவர் கொலையான செய்தியை அவரிடம் சொல்லிவிட்டார்.

"அதுக்குப் பொறவு எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுப் போவ? உயிரோட இருந்தப்ப ஒருத்தனும் என்ன நல்லவன்னு சொன்னதில்ல. செத்த பொறவு ஊரே சொல்லுது."

"உங்க அம்மா?" என்று கேட்டேன்.

முறுக்குத் தட்டை என் பக்கம் நகர்த்தினார். "அத மட்டும் கேக்காத" என்றார். நான் நோட்டை மூடிவிட்டேன்.

ஊரைவிட்டு வந்து பல வருஷம் கழித்து மாமா அவரைக் குர்லா ஸ்டேஷனில் பார்த்து ஓங்கி ஓர் அறை விட்டாராம். அந்தக் கொலையில் அவர் வாங்கிய ஒரே அடி அதுதான். அன்றிலிருந்து இருவரும் சிநேகிதர்கள்.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும் அவரை எங்கள் வீட்டுக்கு அழைத்து வந்தேன். "அம்மா, கொலையானவர் இவர்தான்" என்றேன். அம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். காப்பி கொடுத்தாள்.

"சாடை அப்படியே இருக்கு. ஆனா அவரு செத்துட்டாரு" என்றாள்.

"தங்கச்சி, அது நாந்தாம்மா."

"ஒங்களுக்குத் தெரியாது அண்ணாச்சி. நாங்க அந்த ஊர்க்காரங்க."

பிறகு அவர் எப்படிக் கொலையானார் என்று அவருக்கே அரை மணி நேரம் விவரமாகச் சொன்னாள். அவர் ஒரு வார்த்தை குறுக்கே பேசவில்லை. நடுவில் கைக்குட்டையை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பஸ் ஸ்டாப்புக்கு நடக்கும்போது என்னிடம் மெதுவாகக் கேட்டார்: "கடைசியா நான் தண்ணி கேட்டேன்னு சொன்னாவளே, ஒருத்தருமா குடுக்கல?"

என் விசாரணை அத்தோடு முடிந்தது. நான் சொன்னதை யாரும் நம்பவில்லை. அவர் மட்டும் மாதம் ஒரு தடவை வந்து அம்மாவிடம் ஊர்க்கதை கேட்டுவிட்டுப் போனார்.

நான் காலேஜ் படிக்கும்போது அவர் நிஜமாகவே இறந்துபோனார். மாமா கடையைப் பூட்டிவிட்டு என்னோடு வந்தார். கல்லறையில் அவர்தான் எல்லோரையும்விட அதிகம் அழுதார். இறந்தவரின் மகன், யார் இவர் என்று இந்தியில் என்னிடம் விசாரித்தான். ஊர்க்காரர் என்றேன்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா, "என்ன செஞ்சுதாம் அவருக்கு?" என்றாள்.

"நெஞ்சுவலி."

"பாவம், நல்ல மனுசன்" என்று கண் கலங்கினாள். "இந்தக் காலத்துல யாரு நாம சொல்லுதத அப்படிக் காது குடுத்துக் கேக்கா?"