சனிக்கிழமைக்காக விட்ட மாத்திரை

ஏரியில் மரக்கட்டைகளை மிதக்கவிட்டு ஆலைக்குச் செலுத்தும் தொழிலில் முப்பது ஆண்டு கழித்த அர்மாஸுக்கு, எழுபத்தொன்றாம் அகவையில் வலச் சிறுநீரகத்தில் புற்று கண்டது. சிறுநீரகத்தை அறுத்தெடுத்தும், புற்று முன்னமே நுரையீரலுக்குள் விதையாய்ச் சிதறியிருந்தது. உடலின் காவற்படையைத் தட்டியெழுப்பும் மருந்தை முதலில் குருதிநாளத்தின் வழி ஏற்றினார்கள். எழுந்த படை அவர் குடலையே பகையென்று கருதித் தாக்கியது. அதை நிறுத்திவிட்டு, கட்டிகளுக்குக் குருதி செல்லும் வழியை அடைக்கும் மாத்திரையைத் தந்தார் மருத்துவர் ரித்வா, நாளுக்கு ஒன்று.

அம்மாத்திரை உள்ளங்கையையும் உள்ளங்காலையும் கொப்புளிக்கச் செய்தது. வெந்நீரே ஆகாது என்றபோது, சுடுகல் ஆவியில் குளிக்க முற்றத்தின் மறுபுறம் கட்டியிருந்த சவுனாக் குடிலின் வெம்மையைப் பற்றிக் கேட்கவும் வேண்டுமோ?

ஆனால் சவுனாவில்தான் சைமி இருந்தாள். நான்காண்டுகளுக்கு முன் இறந்த மனைவியை, ஊரின் பழைய வழக்கப்படி, அந்த அறையின் மரப்பலகையில் கிடத்தித்தான் அவர் கடைசியாகக் குளிப்பாட்டினார். அதன்பின் சனிக்கிழமைதோறும் சுடுகற்களில் நீர் வார்க்கையில், ஆவிக்குள்ளிருந்து அவள் குரல் எழும்.

"இவ்வளவுதானாய்யா? இன்னொரு அகப்பை ஊத்து. கஞ்சக் கை மாறவே இல்ல!"

ஆகவே அர்மாஸ் புதனன்றே மாத்திரையை நிறுத்திவிடுவார். சனிக்குள் தோல் சற்று ஆறும். ஞாயிறன்று மீண்டும் தொடங்குவார். மூன்று மாதங்கள் இவ்வாறு கழிந்தன, எவரும் அறியார்.

சனவரியில் எடுத்த நுரையீரல் படத்தில் கட்டிகள் பருத்திருந்தன.

"இந்த மாத்திரை கேக்கல, அர்மாஸ்," என்றார் ரித்வா. "வேற ஒண்ணுக்கு மாத்திடலாம். ஆனா அதுக்கப்புறம் என் கையில பெருசா எதுவும் இல்ல."

குற்றமற்ற மருந்தின்மேல் பழி விழுவதை அர்மாஸ் பார்த்துக்கொண்டிருந்தார். 

"டாக்டர்... வாரத்துல நாலு நாள் நான் அதைப் போடல. சவுனாவுக்குப் போகணும்ல."

ரித்வா பேனாவைக் கீழே வைத்தார். "வர்றப்பல்லாம் 'எல்லாம் நல்லாருக்கு'ன்னு சொன்னீங்களே மனுஷா! கால் எரியுதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அளவைக் குறைச்சிருப்பேன். இப்ப மருந்து தோத்துச்சா, நீங்க தோக்க வெச்சீங்களான்னு நான் எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

"அதையே குடுங்க. ஒழுங்காப் போடுறேன்."

"குறைச்ச அளவுல தரேன். ரெண்டு மாசம் கழிச்சு மறுபடி படம் எடுப்போம். அதுவரைக்கும் சவுனா பக்கம் தலைவெச்சுக்கூடப் படுக்கக் கூடாது."

"அவ தனியா இருப்பாளே."

"யாரு?"

அர்மாஸ் மருந்துச் சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு எழுந்தார்.

அந்தச் சனிக்கிழமை, வடகோடிக் குளிர்காலத்துக்கே உரியபடி, பிற்பகல் மூன்று மணிக்கே இருள் இறங்கியது. அவர் அடுப்பு மூட்டவில்லை. முற்றத்துப் பனியில் ஒரு காலடித் தடமும் இல்லை. சமையலறைச் சாளரத்தருகே நின்று எதிரே நோக்கினார். வாரம் முழுதும் குளிர்ந்து கிடந்த சவுனாவின் சிறு சன்னல் கண்ணாடி, உட்புறம் ஆவி படிந்து மங்கியிருந்தது. அம்மங்கலின் நடுவே, யாரோ கையால் துடைத்ததுபோல் ஒரு வட்டம்.

அர்மாஸ் மாத்திரையை விழுங்கினார். பின் அந்தக் கண்ணாடியை நோக்கியபடியே, திரையை மெல்ல இழுத்து மூடினார்.