கையை மட்டும் தொடாதே

எங்கள் வார்டில் குழந்தை பெற்றுப் போன பெண்களில் பாதிப் பேர் எங்கள் நர்ஸ் ஒருத்தியைச் சபித்துவிட்டுத்தான் போயிருப்பார்கள். முரட்டுக்கை என்று பெயர் வைத்ததும் அவர்கள்தான். வெள்ளை உடை போட்ட ராட்சசி என்று ஒருத்தி என் காதுபடவே சொன்னாள். நான் அந்த வார்டில் பத்தொன்பது வருடமாக ஆயா. துடைப்பது, துவைப்பது, பெட்பேன் வைப்பது, வாய்க்கு வந்ததைச் சொல்வது, எல்லாம் என் வேலை. முரட்டுக்கையைப் பற்றிப் பேச என்னைவிட்டால் ஆள் இல்லை.

குழந்தை வெளியே வந்துவிட்டால் கண்டம் தாண்டியது என்று வீட்டு மனிதர்கள் போனை எடுத்துக்கொண்டு ஆளுக்கொரு மூலைக்குப் போவார்கள். அவளுக்கோ அப்போதுதான் வேலை ஆரம்பம். முதல் இரண்டு மணி நேரமும் கால் மணிக்கு ஒருதரம் வந்து தாயின் தொப்புளுக்குக் கீழே கையை வைத்து அழுத்துவாள். உள்ளே கருப்பை சுருங்கிக் கல்லாக இருக்க வேண்டும். கொழகொழவென்று கிடந்தால் ரத்தம் நிற்காது. அது இறுகும்வரை விடாமல் பிசைவாள். அப்போதுதான் பெற்ற வயிறு, விரல் பட்டாலே உயிர் போகும். அழாதவர்கள் கிடையாது. "வலிக்குதுன்னு சொல்ற வாய் உயிரோட இருக்கு, கத்து, நல்லாக் கத்து" என்பாள்.

நனைந்த துணிகளை எறிய என்னை விட மாட்டாள். ஒவ்வொன்றையும் தராசில் போட்டு, போன ரத்தம் எவ்வளவு என்று நிறுத்துப் பார்ப்பாள். "கண்ணு பொய் சொல்லும்" என்பாள். கறிக்கடை என்று மற்ற நர்சுகள் கேலி பேசுவார்கள். ஒரு காதில் வாங்கி மறு காதில் விட்டுவிடுவாள்.

வீட்டிலும் அப்படித்தான். கல்யாணமான புதிதில் புருஷன் ஒரே ஒரு தடவை கை நீட்டினான். அந்தக் கையைப் பிடித்து இவள் திருகிய திருகில் மணிக்கட்டு எலும்பு விட்டுப்போனது. பிறகு இவளே துணி சுற்றிக் கட்டி ஆஸ்பத்திரிக்கும் கூட்டிப் போனாள். எப்படி அடிபட்டது என்று டாக்டர் கேட்டதற்கு, "என் கன்னத்துல பட்டுடுச்சு டாக்டர்" என்றாளாம். அதற்கப்புறம் அந்த மனிதர் குரலைக்கூட உயர்த்தியதில்லை.

அந்தத் தையல்காரப் பெண் வந்த நாளைச் சொல்கிறேன். தலைப்பிரசவம். காலையில் பெண் குழந்தை பிறந்து, பகல் பதினொரு மணிக்கு வார்டுக்குக் கொண்டுவந்தார்கள். வாசலில் அவள் புருஷனும் அண்ணனும் நின்றார்கள். அண்ணன் லாரி டிரைவர், கதவை அடைத்துக்கொண்டு நிற்கிற உடம்பு. "என் தங்கச்சியைப் பத்திரமா பார்த்துக்குங்க ஆயாம்மா" என்று ஐந்து நிமிடத்துக்கு ஒருதரம் என்னைப் பிடுங்கி எடுத்தான். புருஷன் யாருடனோ போனில் சிரித்துக்கொண்டிருந்தான்.

இரண்டாம் தரம் வயிற்றில் கை வைத்தபோதே முரட்டுக்கையின் முகம் மாறியது. போர்வையை விலக்கினாள். மெத்தை நனைந்து, கட்டில் கம்பி வழியாகத் தரைக்குச் சொட்டிக்கொண்டிருந்தது. பிசைந்தாள், ஊசி போட்டாள், மறுபடி பிசைந்தாள். உள்ளங்கை அளவு கட்டிகள் வந்து விழுந்தனவே தவிர ரத்தம் நிற்கவில்லை. டாக்டர் தியேட்டரில் வேறொருத்தியின் வயிற்றைத் திறந்து வைத்திருந்தார்.

"ஆயா, ரத்தம் வேணும், சாம்பிளை எடுத்துக்கிட்டு ஓடு. போற வழியில டாக்டர்கிட்ட சொல்லு. ஒரு ஆளையும் உள்ள விடாதே" என்றாள். சின்ன நர்ஸ் இரண்டு கையிலும் டிரிப் ஏற்றினாள். முரட்டுக்கை நீளக் கையுறை மாட்டி, வலது கையை உள்ளே விட்டு முஷ்டி பிடித்து, இடது கையால் மேலிருந்து அமுக்கினாள். இரண்டு கைக்கும் நடுவே கருப்பையை நசுக்கிப் பிடித்தால்தான் ரத்தம் நிற்கும். அந்தப் பெண் போட்ட அலறல் வாசல்வரை கேட்டிருக்கும்.

நான் வெளியே ஓடினேன். அண்ணன் குறுக்கே வந்தான்.

"என்ன ஆயாம்மா, தங்கச்சி ஏன் இப்படிக் கத்துது?"

நின்று ஒரு வார்த்தை ஒழுங்காகச் சொல்லியிருக்கலாம். என் பாழும் வாய், "கத்தட்டும், கத்தினாத்தான் நல்லது, தள்ளு" என்றது. வார்டுக்குள்ளே நாங்கள் தினமும் சொல்கிற பேச்சு அது. வெளியே நிற்கிறவனுக்கு அது எப்படிக் கேட்கும் என்று எனக்கு உறைக்கவில்லை.

ரத்த வங்கியிலும் தியேட்டரிலும் சொல்லிவிட்டு ஓடிவந்தால் கதவு திறந்து கிடக்கிறது. அவன் முரட்டுக்கையின் கொண்டையைப் பிடித்துப் பின்னால் இழுத்துக்கொண்டிருந்தான். முழங்கைவரை ரத்தமும் தங்கையின் அலறலும்தான் அவனுக்குத் தெரிந்தன. "கொல்றியாடி? என் தங்கச்சியக் கொல்றியா?" என்று அவள் காதோடு சேர்த்து அறைந்தான். விலாவில் குத்தினான். அவள் கட்டில் காலைத் தன் காலால் வளைத்துப் பிடித்துக்கொண்டு நின்றாள். மூக்கிலிருந்து ரத்தம் கொட்டியது. சின்ன நர்ஸ் அவன் சட்டையைப் பிடித்து இழுத்து, சுவரில் போய் விழுந்தாள்.

"அடி, எவ்வளவு வேணாலும் அடி" என்றாள் முரட்டுக்கை. "கையை மட்டும் தொடாதே. கையை எடுத்தேன்னா உன் தங்கச்சி போயிடுவா."

அவன் காதில் ஏறவில்லை. இரும்பு ஸ்டூலைத் தூக்கி அவள் தோளில் இறக்கினான். எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. அவள் தொண்டையிலிருந்து ஒரு உறுமல் வந்தது, கை வரவில்லை. அவன் மறுபடி ஸ்டூலை ஓங்கினான். நான் இரும்பு பெட்பேனை எடுத்து அவன் பின்மண்டையில் போட்டேன். காலி பெட்பேன் இல்லை. அதில் எனக்குக் கொஞ்சமும் வருத்தம் கிடையாது.

அவன் தரையில் உட்கார்ந்த அதே நேரம் கட்டிலில் அலறல் நின்றது. உதடு வெளுத்து, கண் செருகிக் கிடந்தாள் அந்தப் பெண்.

"கத்துடி! கத்து!" என்று முரட்டுக்கை கூப்பாடு போட்டாள். அவள் அழுது நான் பார்த்தது அன்றைக்கு மட்டும்தான்.

கையிலிருந்த ஆபரேஷனை முடித்துவிட்டு டாக்டர் ஓடி வந்தார். கையை எடுக்க வழியில்லாமல், முறிந்த தோளோடு முரட்டுக்கையும் தள்ளுவண்டியில் ஏறி, அந்தப் பெண்ணின் கால்களுக்கு நடுவே மண்டியிட்டபடியே தியேட்டருக்குப் போனாள். "இனி நான் பார்த்துக்கறேன், எடுங்க சிஸ்டர்" என்று டாக்டர் சொல்லி, கையை வெளியே எடுத்த பிறகும் அவள் விரல்கள் விரியவில்லை. நான்தான் ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டேன். ஐந்து பாட்டில் ரத்தம் ஏறியது. அந்தப் பெண் பிழைத்தாள்.

போலீஸ் அவனைக் கொண்டுபோனது. மூன்றாம் நாள் போலீஸ்காரர் ஒருவர் துணையோடு மன்னிப்புக் கேட்க வந்தான். புருஷன் அதற்குப் பிறகு எட்டிக்கூடப் பார்க்கவில்லை. முரட்டுக்கை லீவு எடுக்கச் சொன்னால் கேட்கிற ஜென்மமா? முகம் வீங்கி, ஒரு கையைக் கழுத்தோடு தொட்டில் கட்டிக்கொண்டு, மறு கையால் அந்தப் பெண்ணின் வயிற்றை அமுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் தடாலென்று அவள் காலில் விழுந்தான்.

"தங்கச்சின்னா எனக்கு உயிரு சிஸ்டர். அது கத்தினதைக் கேட்டதும் கண்ணு மண்ணு தெரியல. மன்னிச்சிடுங்க."

"எழுந்திரு" என்றாள். தங்கையை மெதுவாக ஒருக்களிக்க வைத்து, முதுகுத் துணியை விலக்கினாள். உடம்பு துடைத்தபோது நாங்கள் இருவரும் பார்த்ததுதான். பெல்ட்டின் வார் பதிந்த தழும்புகள், தோளிலிருந்து இடுப்புவரை, சில பழையவை, சில வயிற்றில் பிள்ளை இருக்கும்போது பட்டவை.

"இதை நான் பண்ணல. இதைப் பண்ணினவன் அன்னைக்கு உன் பக்கத்துலதான் நின்னான். இந்த அடி விழும்போதும் இவ கத்தியிருப்பாளே, அப்ப நீ எங்க இருந்தே?"



கட்டிலில் இருந்தவள்தான் சுவரைப் பார்த்தபடி பதில் சொன்னாள்.

"அடுத்த வீட்லதான் சிஸ்டர்."