முன் ஃபுட்ரெஸ்டில் நீட்டிய கால்

படித்து முடித்துவிட்டு, இந்தக் கிழவிக்கு வேறு பிழைப்பு இல்லை என்று நீங்கள் சொல்லலாம். சொல்லிக்கொள்ளுங்கள். அன்று அந்தப் புல்லட்டின் பின்சீட்டில் உட்கார்ந்திருந்தவள் நான். பார்த்தது என் கண். இதில் ஒரு வார்த்தையும் கூட்டிச் சொல்லவில்லை. குறைத்துத்தான் சொல்கிறேன்.

1982ஆம் வருஷம். திருச்செங்கோட்டில் குடியிருந்தோம். என் வீட்டுக்காரர் மணியன் ஆழ்துளைக் கிணறு போடும் ஒரு ரிக் கம்பெனிக்கு ஏஜென்ட். எந்த ஊரில் யார் போர் போடக் கேட்டாலும் முதலில் இவர்தான் போவார். இடம் பார்த்து, பேசி முடித்து, அதற்குப் பிறகுதான் ரிக் லாரி கிளம்பும். இன்றைக்குத் தர்மபுரி என்றால் நாளைக்குக் கரூர், அதற்கடுத்து மைசூர்ப் பக்கம். எல்லாம் புல்லட்டில்தான்.

அந்தத் தைமாதம் போர் போட்ட இடத்தில் இரும்புக் குழாய் சரிந்து அவருடைய இடது முழங்காலில் விழுந்தது. எலும்பு கூடிவிட்டது. ஆனால் முட்டியை மடக்கி அரைமணி நேரம் வண்டி ஓட்டிவிட்டு இறங்கினால் கால் நீளாது. நான் ஓடிப்போய் இரண்டு கையாலும் பிடித்து இழுத்துவிட வேண்டும். பல்லைக் கடித்துக்கொள்வாரே தவிர கத்தமாட்டார். ரிக் ஓனர் நல்ல மனுஷர்தான். அவரும் எத்தனை நாள் பொறுப்பார்? வெயில் காலம்தான் போர் சீசன். சித்திரைக்குள் பழையபடி ஓடவில்லை என்றால் வேறு ஆள் பார்த்துக்கொள்வேன் என்று தன்மையாகவே சொல்லிவிட்டார். அந்த வேலையை விட்டால் எங்களுக்கு வேறு வழி கிடையாது.

"முட்டியை மடக்குனாத்தானே வலி? நீட்டிக்கிட்டே ஓட்டுங்க," என்று ஒரு லாரி டிரைவர் வழி சொன்னார். புல்லட்டுக்கு முன்னால் வளைந்த கம்பி இருக்கும் அல்லவா, லெக்கார்டு என்பார்கள். அதில் ஒரு ஜோடி ஃபுட்ரெஸ்ட் மாட்டினால் நீளமான ரோட்டில் காலை முன்னால் நீட்டி வைத்துக்கொள்ளலாம். வழக்கமான ஃபுட்ரெஸ்ட் கீழே அதன் இடத்திலேயே இருக்கும்; அந்தக் காலத்துப் புல்லட்டில் இடது காலுக்குப் பிரேக்கும் அங்கேதான்.

சேலத்தில் பழைய வண்டிச் சாமான் விற்கும் ஜாபர் பாயிடம் போனோம். அவர் மூன்று ஜோடி எடுத்து வந்து சாக்கின்மேல் வைத்தார். முதல் ஜோடி வெறும் இரும்பு. மழையில் வழுக்கும் என்று அவரே தள்ளி வைத்துவிட்டார். இரண்டாவதில் ரப்பர் இருந்தது, ஆனால் மடங்காது. "வண்டி சாஞ்சா இது மடங்காதுங்கண்ணே. உங்க கால்தான் மடங்கும்," என்றார். ஏற்கனவே ஒன்று மடங்கித்தான் வந்திருக்கிறோம் என்று நான் சொன்னேன். சிரித்தார்.

மூன்றாவது நன்றாக இருந்தது. கனத்த ரப்பர். அடியில் ஸ்பிரிங் வைத்த கீல். வேண்டாதபோது மேலே மடக்கிவிடலாம். கீழே தள்ளினால் டக் என்று உட்காரும். குதிகால் படும் இடத்தில் மட்டும் ரப்பர் குழிவாகத் தேய்ந்திருந்தது. யாரோ நாள்கணக்கில் கால் வைத்து ஓட்டியிருக்கிறார்கள்.

எடப்பாடிப் பக்கம் அடிபட்ட வண்டியில் கழற்றியது என்று பாய் சொன்னார். வண்டிதான் போச்சு, இதற்கு ஒரு கீறல் இல்லை என்றார். வண்டியில் இருந்தவருக்கு என்ன ஆனது என்று நாங்கள் கேட்கவில்லை. பழைய சாமான் கடையில் யார் அதைக் கேட்கிறார்கள்?

மாட்டுவதற்கும் ஒரு பக்குவம் உண்டாம். இவரை வண்டியில் உட்காரவைத்து, கண்ணை மூடச் சொல்லி, காலைத் தானாக நீட்டச் சொன்னார். முட்டி விறைப்பாக நிற்கக் கூடாது, கொஞ்சம் தளர்ந்திருக்க வேண்டும். குதிகால் எங்கே போய் நின்றதோ அங்கே கம்பியில் வெள்ளைப் பெயிண்டால் கோடு இழுத்தார். கோட்டின்மேல் கிளாம்பை வைத்து முறுக்கினார்.

"கூட்டத்துல காலை மேல வைக்காதீங்கண்ணே. பிரேக்கு கீழ இருக்குது. காலி ரோட்டுல மட்டும் நீட்டுங்க."

முதல் தடவை மைசூர் போய்த் திரும்பி வந்தவர், வாசலில் வண்டியை நிறுத்திவிட்டுத் தானாகவே இறங்கி நடந்து வந்தார். முட்டி இருக்கிறதென்றே தெரியவில்லை என்றார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வேலை கைவிட்டுப் போகவில்லை. ஓனரும் வேறு ஆள் பேச்சை எடுக்கவில்லை.

கோளாறு சின்னதாகத்தான் ஆரம்பித்தது.

ஒரு நாள் காலை வண்டியைத் துடைக்கும்போது பார்த்தேன். இடது கிளாம்ப் வெள்ளைக் கோட்டில் இல்லை. நாலு விரல் மேலே ஏறியிருந்தது. வலதும் அப்படியே. அதிர்ச்சியில் நழுவியிருக்கும் என்று இவர் இறக்கி முறுக்கினார்.

மறுநாள் மறுபடி மேலே.

அதிர்ந்தால் கீழேதானே இறங்கும்? மேலே எப்படி ஏறும்? புது போல்ட் வாங்கி, வாஷர் போட்டு, உடம்புப் பாரத்தையெல்லாம் கொடுத்து முறுக்கினார். அடுத்த நாள் காலை அதே நாலு விரல். கூடவுமில்லை, குறையவுமில்லை. அப்படியே ஏறி உட்கார்ந்து காலை நீட்டிப் பார்த்தார். குதிகால் எட்டவில்லை.

"என்னையவிட ஒசரமான ஆளுக்கு வெச்ச அளவு புள்ள இது," என்று சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இன்னொரு நாள். வெயில் ஏறவில்லை. வண்டி முழுக்க ஜில்லென்று இருந்தது. துணியோடு ரப்பரைத் தொட்டவள் கையை எடுத்துவிட்டேன். அந்தக் குழிவு மட்டும் சூடாக இருந்தது. யாரோ அப்போதுதான் காலை எடுத்த மாதிரி...

அவரிடம் சொல்லவில்லை. சீசன் நடந்துகொண்டிருந்தது. சொல்லி, கழற்றி, மறுபடி அந்தக் கால் மடங்கிப்போனால்?

சித்திரையில் ஓமலூரில் சொந்தக்காரர் கட்டிய புது வீட்டுக்குப் புண்ணியார்ச்சனை. ஒரு வியாழக்கிழமை. விசேஷம் முடிந்து வெளிச்சம் இருக்கும்போதே ஊருக்குத் திரும்பக் கிளம்பிவிட்டோம். தாரமங்கலம் தாண்டும்போது இருட்டு கட்டிவிட்டது. மணி ஏழு இருக்கும். ரோட்டில் ஒரு வண்டி இல்லை. நான் ஒரு பக்கமாக, இடதுபுறம் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தேன். புல்லட் டப்... டப்... டப்... என்று சீராகப் போய்க்கொண்டிருந்தது.

அந்தச் சத்தத்துக்கு நடுவில் இன்னொரு சத்தம்.

டக்.

முன் ஃபுட்ரெஸ்ட் இறங்கி உட்காரும் சத்தம். கொஞ்சம் பொறுத்து வலது பக்கமும்.

டக்.

"ஏனுங்க, காலை மேல வெச்சுட்டீங்களா?"

"இல்ல புள்ள. வளைவு வருது. கீழதான் இருக்குது."

நான் பக்கவாட்டில் சாய்ந்து பார்த்தேன். அவர் சொன்னது சரிதான். செருப்புப் போட்ட அவருடைய இடது கால் கீழே பிரேக் பக்கத்தில் இருந்தது.

மேலேயும் ஒரு கால் இருந்தது.

வெறுங்கால். ஹெட்லைட் வெளிச்சம் ரோட்டில் பட்டுத் தெறித்ததில் தெளிவாகத் தெரிந்தது. குதிகால் அந்தக் குழிவில் பதிந்திருந்தது. பாதம் வானத்தைப் பார்த்திருந்தது. கெண்டைக்கால் வரை தெரிந்தது. அதற்கு மேல்...

அதற்கு மேல் இல்லை.

விரல்கள் அசைந்தன. காற்று வாங்குவதுபோல. சுகமாக.

"ரெண்டு காலும்... கீழயா வெச்சிருக்கீங்க?"

"ஆமா. ஏன்?"

அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டேன். கண்ணை மூட நினைத்தேன். மூடவில்லை.

அந்தக் கால் மெதுவாக மேலே எழும்பியது.

காற்றில் நின்றது.

கீழே இறங்கியது.

அவ்வளவுதான் தெரியும். கிறீச்ச்... என்று டயர் தேய்ந்தது. வண்டி பக்கவாட்டில் இழுத்துக்கொண்டு போய் நின்றது. இன்ஜின் அணைந்தது.

சத்தமே இல்லை.

ரப்பர் கருகிய வாடை.

ஹெட்லைட் மங்கிக்கொண்டே வந்தது. அந்த மங்கலில் பார்த்தேன். எங்களுக்கு முன்னால் ஒரு குழாய் லாரி நின்றிருந்தது. விளக்கு இல்லை. சிவப்புத் துணி இல்லை. ஆளும் இல்லை. பின்னால் நீட்டிக்கொண்டிருந்த குழாய்களின் முனை என் வீட்டுக்காரரின் நெஞ்சுக்கு நேராக இருந்தது. கையை நீட்டினால் தொட்டுவிடலாம்.

"நான் மிதிக்கல," என்றார்.

"பின்ன?"

"லாரியவே பாக்கல புள்ள. இந்த முட்டிய வெச்சுக்கிட்டு இப்படி மிதிக்க முடியுமா? யாரோ என்ற கால்மேல காலை வெச்சு..."

முன் ஃபுட்ரெஸ்ட் இரண்டையும் கையாலேயே மடக்கினார். சங்ககிரி வரை வண்டியைத் தள்ளிக்கொண்டு போகிற வேகத்தில்தான் ஓட்டினார்.

விடிய விடிய இரண்டு பேரும் தூங்கவில்லை. நான் பார்த்ததையும் சூடு இருந்ததையும் சொன்னேன். என்னவாக இருந்தாலும் அது நம்மைக் காப்பாற்றியது என்றார். கழற்ற அவருக்கு மனம் இல்லை. முட்டி வலி இருக்கிறதே.

"இன்னைக்குக் காப்பாத்துச்சு. நாளைக்கு என்ன கேக்கும்?" என்றேன்.

அவர் எழுந்து போய் ஸ்பேனரை எடுத்தார்.

ஆகாத பொருளை எங்கள் பக்கம் வீட்டில் வைக்கமாட்டார்கள். விற்கமாட்டார்கள். சும்மாகூட யாருக்கும் கொடுக்கமாட்டார்கள். ஓடுகிற ஆற்றில் விட்டுவிடுவார்கள். தோஷம் தண்ணீரோடு போய்விடும் என்பது கணக்கு. வெள்ளிக்கிழமை காலையில் இரண்டையும் மஞ்சள் துணியில் சுற்றி, ஒரு எலுமிச்சம்பழமும் வைத்துக் கட்டி, பள்ளிபாளையம் பாலத்துக்குப் போனோம். காவிரியில் தண்ணீர் குறைவு. நடுவில் மட்டும் ஆழமாகக் கறுத்து ஓடிக்கொண்டிருந்தது. அங்கே பார்த்துப் போட்டார். திரும்பிப் பார்க்காமல் வந்துவிட்டோம்.

சொன்னால் நம்பமாட்டீர்கள், மனசு லேசாகிவிட்டது.

முட்டி கேட்கவில்லை. அடுத்த வாரமே கால் மடங்க ஆரம்பித்தது. வேறு ஜோடி கேட்டு மறுபடி ஜாபர் பாய் கடைக்குப் போனோம். பழையதற்கு என்ன ஆனது என்றார். சரிப்படவில்லை என்றோம். அப்போதுதான் என் வீட்டுக்காரர், அது யாருடையது, செத்துப்போனவர் யார் என்று கேட்டார்.

"செத்துட்டாரா? யாருங்கண்ணே சொன்னது? சுப்பையன் உசுரோட இருக்காருங்க."

எடப்பாடியில் நாலு தறி வைத்திருக்கிறவராம். போன வருஷம் லாரியில் மோதி, இரண்டு காலையும் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்களாம். அவர் வீட்டில் பிரிக்காத புது ஜோடி ஒன்று கிடக்கிறது, அவர் மனைவி விற்கச் சொல்லியிருக்கிறாள், போய்க் கேளுங்கள் என்று வழியும் சொன்னார்.

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஆள் உயிரோடு இருக்கும்போது பேய் எப்படி வரும்? இருட்டில் எதையோ பார்த்திருக்கிறேன். கால் வலியில் இவரும் எதையோ நினைத்திருக்கிறார். எடப்பாடி போகிற வழியெல்லாம் அப்படித்தான் பேசிக்கொண்டு போனோம்.

நல்ல உச்சி வெயில். தார் உருகிக்கொண்டிருந்தது. சுப்பையன் மனைவி பாவாயி கதவைத் திறந்து உள்ளே கூட்டிப்போனாள்.

அனல் அடித்தது. ஜன்னல் எல்லாம் சாத்தியிருந்தது. கட்டிலுக்கு அடியில் சட்டி நிறையக் கங்கு. கட்டிலில் நல்ல உயரமான மனுஷர் சாய்ந்திருந்தார். இடுப்பு வரை இரண்டு கம்பளி. முழங்காலுக்குக் கீழே கம்பளி தட்டையாகக் கிடந்தது.

குளிரில் அவருக்குப் பல் கிடுகிடுவென்று அடித்துக்கொண்டிருந்தது.

"காச்சலுங்களா?" என்று கேட்டேன்.

இல்லை என்று பாவாயி தலையை ஆட்டினாள். குரலை இறக்கிச் சொன்னாள். "காலு போனதுலருந்து நல்லாத்தாங்க்கா இருந்தாரு. சாயங்காலமானா, காலை நீட்டிக்கிட்டுப் போறேன், காத்து வாங்குது பாவாயின்னு சிரிப்பாரு. போச்சாது, அந்த நெனப்புலயாச்சும் இருக்கட்டும்னு நாங்க விட்டுட்டோம்."

"இப்ப?"

"ஒரு வெள்ளிக்கெழம காலையில, உழுந்துட்டேன் உழுந்துட்டேன்னு கத்துனாருங்க. அன்னிலருந்து இப்பிடித்தான்."

என் வீட்டுக்காரர் என் கையைப் பிடித்தார். வலிக்கப் பிடித்தார்.

சுப்பையன் கண்ணைத் திறந்தார். எங்களைப் பார்க்கவில்லை. கம்பளி தட்டையாகக் கிடந்த இடத்தையே பார்த்தார்.

"முட்டிக்குக் கீழ பூராத் தண்ணிங்க," என்றார். "எடுக்க முடியல... மீனு வந்து வெரலைக் கொத்துது."