போத்தனூர்ப் பள்ளமும் பக்கத்து மேடும்

வெளிநாட்டில் கிரிக்கெட் மைதானமும் ரக்பி மைதானமும் ஒரே சுவருக்கு இருபுறமும் இருக்கும் ஊர்களைப் பற்றி மதியச் சாப்பாட்டில் பேசிக்கொண்டிருந்தேன். "நம்மூர்லயும் இருக்குதுங்க, போத்தனூர்ப் பக்கம். பாக்கோணும்னா சீக்கிரம் வந்துருங்க" என்றாள் ஷர்மிளா. என்னோடு வேலை பார்ப்பவள். அங்கே ஆடும் பெண்கள் ரக்பி அணிக்குக் கேப்டன். அடுத்த வாரம் அவர்களுக்கு மாநில அணித் தேர்வு. ஐப்பசி மழைக்கு நடுவே ஒரு ஞாயிறு கிளம்பினேன்.

சரவணம்பட்டியிலிருந்து காந்திபுரம் ஏறத்தாழ பத்து கிலோமீட்டர். அங்கிருந்து போத்தனூருக்கு இன்னொரு பஸ், அதே அளவு தூரம். இரண்டிலும் நின்றபடிதான். வழியெல்லாம் தோண்டிப் போட்ட சாலை, இடுப்பு விட்டுப்போயிற்று. ஸ்டேஷன் வாசலில் ஆட்டோவுக்கு எழுபது ரூபாய்.

"ரக்பிங்களா? ஒருத்தன் மேல ஒருத்தன் உழுந்து புடுங்குவாங்களே, அதுங்களா?" என்றார் ஓட்டுநர்.

"அதேதாங்க."

"அதப் பாக்க இத்தன தூரம் வந்தீங்களாக்கும். காலைல பஸ் ஸ்டாப்ல நின்னாப் போதுமுங்க."

மைதானங்களின் கதை இதுதான். வெள்ளைக்கார அதிகாரிகள் கிரிக்கெட்டுக்காக மேட்டை நிரவியபோது, ஆடுகளத்துக்கு வேண்டிய களிமண்ணைப் பக்கத்து நிலத்தில் வெட்டி எடுத்தார்களாம். வெட்டிய இடம் பள்ளமானது. மேட்டில் விழும் மழைநீரையும் அங்கேயே வடியவிட்டார்கள். சேற்றில் கிரிக்கெட் ஆட முடியாது, ரக்பி ஆடலாம். துரைகள் போன பிறகு மேடு கிளப்பானது. வேலி, பெவிலியன், சந்தா என்று வளர்ந்தது. பள்ளத்தில் கிளப் சேர்க்காத வீட்டுப் பிள்ளைகள் ஆடினார்கள். அங்கே வளர்ந்தது இரண்டு கோல் கம்பம்.

நான் போனபோது பள்ளமே இல்லை. மேட்டின் உயரத்துக்குக் கட்டட இடிபாட்டைக் கொட்டி நிரப்பியிருந்தார்கள். உடைந்த டைல்ஸ், கண்ணாடி, துருக்கம்பி. நடுவில் 'உறுப்பினர் வாகனங்களுக்கு மட்டும்' என்று புதுப் பலகை. நிலம் யாருடையது என்று கேட்டால் ஆளுக்கொரு பதில். ஆடியவர்களுடையது என்று மட்டும் ஒருவரும் சொல்லவில்லை.

ஷர்மிளாவும் பெண்களும் ஓரமாக நின்றிருந்தார்கள். "இதுல உழுந்தா தையல்தானுங்க" என்றாள். முந்தின நாள்தான் ஒருத்திக்கு முழங்காலில் ஐந்து தையல்.

வேலிக்கு அந்தப் பக்கம் வேறு கூத்து. வடிய இடமில்லாத மழைநீர் கிரிக்கெட் மைதானத்திலேயே கணுக்கால் அளவுக்குத் தேங்கி நின்றது. அன்றைய ஆட்டம் ரத்து. வெள்ளை உடைக்காரர்கள் பெவிலியனில் காபி குடித்துக்கொண்டிருந்தார்கள். அந்தத் தண்ணீர் இனி எங்கே போகும் என்று நிரப்பச் சொன்னவர்கள் யோசிக்கவே இல்லை.

ஷர்மிளா அந்தத் தண்ணீரைப் பார்த்தாள். பிறகு கிளப் கேட்டைத் திறந்து உள்ளே போனாள். பதினான்கு பெண்களும் பின்னால் போனார்கள். கிளப் செயலாளர் குடையோடு ஓடிவந்தார்.

"ஏனுங்க அம்மணி, இது கிரிக்கெட் கிரவுண்டுங்க."

"தெரியுமுங்க. எங்களுதுல நீங்க கார் உட்டுக்கோங்க. தண்ணி நிக்கிற எடந்தானுங்களே எப்பவும் எங்களுது? அது இப்ப இங்க வந்துபோச்சு."

"புல்லு போயிருமே கண்ணு."

"புல்லு மொளச்சுக்குமுங்க. முட்டி மொளைக்காது."

அவர் பெவிலியனைத் திரும்பிப் பார்த்தார். யாரும் கோப்பையைக் கீழே வைக்கவில்லை. "பிட்ச்ச மட்டும் மிதிக்காதீங்க" என்று சொல்லிவிட்டு நடந்தார். பந்து தண்ணீரில் விழுந்து தெறித்தது.

வெற்றி என்று எழுத ஆசைதான். ஆனால் கிளம்பும்போது வாசலில் ஒரு டெம்போவிலிருந்து தண்ணீர் இறைக்கும் டீசல் மோட்டாரை இறக்கிக்கொண்டிருந்தார்கள். இரண்டு நாளில் மேடு காய்ந்துவிடும், கேட்டுக்குப் பூட்டு வந்துவிடும். பலகை அப்படியே நிற்கும். தேர்வு மட்டும் தள்ளிப்போகாது.

போகிறவர்களுக்கு: அடிப்பகுதி தடித்த ஷூ போட்டுக்கொள்ளுங்கள். பக்கத்தில் கடை இல்லை, தண்ணீர் கொண்டுபோங்கள். கிரிக்கெட் பார்க்க வெயில் நாளில் போகலாம். ரக்பி பார்க்க வேண்டுமென்றால் மோட்டார் சத்தம் கேட்பதற்குள் போய்விடுங்கள்.