ஆட்டிறைச்சி கெட்டுப்போன சனிக்கிழமை

இலண்டனில் இருந்த சித்தப்பாவுக்கு ஓர் இசைக்குழு இருந்தது. குழு என்றால் மொத்தம் இரண்டே பேர். சித்தப்பா கிற்றார் வாசித்துக்கொண்டு பாடுவார். நெடுநெடுவென்று வளர்ந்த ஒரு வெள்ளைக்கார நண்பர் டிரம்ஸ் அடிப்பார். புளூஸும் ரொக்கும் கலந்த சங்கீதம். பத்து வருடமாக இங்கிலாந்தின் மதுச்சாலைகளில் வாசித்தும் இருமலைத் தவிர அவர்கள் சம்பாதித்தது ஒன்றுமில்லை என்று அப்பா சொல்வார்.

எனக்குப் பத்து வயதான கோடையில் கனடாவில், நாங்கள் குடியிருந்த மொன்றியலில், ஒரு திறந்தவெளி விழாவில் வாசிக்க அவர்களுக்கு அழைப்பு வந்தது. ஞாயிறு பின்னேரம், முக்கால் மணி நேரம். பெரிய குழு ஒன்றின் ஆட்கள் கேட்க வருகிறார்கள். பிடித்துவிட்டால் அமெரிக்கா முழுவதும் தங்களோடு கூட்டிப்போவார்கள். பிடிக்காவிட்டால் இதோடு நிறுத்துவதென்று இருவரும் முடிவு செய்திருந்தார்கள். வெள்ளிக்கிழமை வந்து, கார்ட்டியர்வில் பகுதியில் எங்கள் வீட்டு வரவேற்பறையில் பாயை விரித்துப் படுத்தார்கள். சித்தப்பாவுக்கென்றே அம்மா ஆட்டிறைச்சி வாங்கி வைத்திருந்தார்.

சனி காலை இருவரும் மேடையைப் பார்க்கப் போயிருந்த நேரம் யாழ்ப்பாணத்திலிருந்து தொலைபேசி வந்தது. அப்பப்பா, அப்பாவின் தகப்பனார், இறந்துவிட்டார். அங்கே மறுநாள் காலை பத்து மணிக்குத் தகனம். போரினால் ஊருக்குப் போகும் பாதை அப்போது அடைபட்டிருந்தது. அப்பா தொலைபேசியை வைத்துவிட்டு அம்மாவைப் பார்த்தார்.

"அவனுக்கு இப்ப சொல்லவேண்டாம். சொன்னா வாசிக்கமாட்டான். நாளைக்கு முடியட்டும்," என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "பிள்ளை, மூச்சுக் காட்டக்கூடாது."

பெரியவர்களின் இரகசியத்தில் எனக்கும் பங்கு கிடைத்ததில் தலைகால் புரியவில்லை. அப்பப்பாவை நான் படத்தில் மட்டும்தான் பார்த்திருந்தேன்.

அம்மா அழுது, முகம் கழுவி, பவுடர் போட்டுக்கொண்டு சமைக்கப் போனார். எல்லாவற்றையும் மறைத்தவருக்கு ஒன்று மட்டும் முடியவில்லை. சாவு விழுந்த வீட்டில் மச்சம், மீனோ இறைச்சியோ, சமைக்க அவருக்குக் கை எழவில்லை. மத்தியானம் மேசையில் பருப்பும் கத்தரிக்காயும் கீரையும் இருந்தன. நண்பர் ரசித்துச் சாப்பிட்டார். அம்மா தண்ணீர் எடுக்க உள்ளே போனதும் சித்தப்பா என்னிடம் கேட்டார்.

"ஆட்டிறைச்சி எங்கை பிள்ளை?"

"கெட்டுப்போச்சு சித்தப்பா. எறிஞ்சாச்சு."

என் வாழ்க்கையில் நான் சொன்ன முதல் நல்ல பொய் அது. சித்தப்பா என் முகத்தையே பார்த்தார். பிறகு, "ஓம், வெயில்தானே," என்று சொல்லிவிட்டு, இன்னொரு கரண்டி சோறு போட்டு ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டார்.

மறுநாள் அப்பா எல்லோருக்கும் முன்னால் புல்தரையில் போய் உட்கார்ந்தார். அவருக்கு அந்தச் சங்கீதம் தலையும் தெரியாது, வாலும் தெரியாது. ஆனாலும் ஒவ்வொரு பாட்டுக்கும் தாளம் தப்பித் தப்பிக் கை தட்டினார். எனக்கு மானம் போனது. கடைசிப் பாட்டைச் சித்தப்பா கண்ணை மூடிக்கொண்டு பாதி வேகத்தில் வாசித்தார். நண்பர் திகைத்துக் குச்சிகளை நிறுத்தினார். பிறகு மெதுவாகப் பின்னால் வந்து சேர்ந்துகொண்டார்.

கார் நிறுத்துமிடத்தில் அப்பா தொடங்கினார்.

"தம்பி, உன்னட்டை ஒண்டு சொல்லவேணும்."

"தெரியும் அண்ணை. நேற்று மத்தியானமே தெரியும்."

"தெரிஞ்சும் பேந்து ஏன் வாசிச்சனி?"

"நீங்கள் முன்னுக்கு வந்து இருந்தனீங்கள். பேந்து நான் என்னெண்டு வாசிக்காமல் விடுறது?"

அழைப்பு வந்தது. இரண்டு வருடம் அந்தப் பெரிய குழுவோடு அமெரிக்காவெல்லாம் சுற்றினார்கள். பிறகு நண்பருக்குக் குழந்தை பிறந்தது. இரண்டே பேர் கொண்ட குழுவில் ஒருவர் போனால் குழுவே இல்லை.

அன்று என் பொய் பிடிபட்டுவிட்டதுதான் எனக்குப் பெரிய துக்கமாக இருந்தது. அப்பா மூத்த மகன், கொள்ளி வைக்கவேண்டியவர் என்பதெல்லாம் எனக்குத் தெரியாது. நாங்கள் தூங்கிக்கொண்டிருந்தபோது ஊரில் யாரோ ஒன்றுவிட்ட தம்பி அவருக்குப் பதிலாக அதைச் செய்து முடித்திருந்தார். வேலையில்லாமல் போன அந்தக் கைகளைத்தான் அப்பா அந்த முக்கால் மணி நேரமும் தட்டிக்கொண்டிருந்தார். நானோ, என்னை அவருடைய மகள் என்று யாரும் நினைத்துவிடக் கூடாதென்று, எழுந்து நாலு வரிசை பின்னால் போய் உட்கார்ந்துகொண்டேன்.