உப்புப் போட்ட ஐஸ்

அந்தக் குச்சி ஐஸ்காரனை நான் இன்னும் மன்னிக்கவில்லை. மன்னிக்கிற எண்ணமும் இல்லை.

இடஒதுக்கீட்டுப் போராட்டம் நடந்த காலம். கல்வராயன் மலையில் நர்ஸாக இருந்தேன். ஓர் ஊரே காய்ச்சலும் இருமலுமாகப் படுத்துக் கிடந்தது. இரண்டு பேர் செத்தும் போனார்கள். கீழே கள்ளக்குறிச்சியில் இருந்த டாக்டர் மலையேறிப் பார்க்காமலே, "சாராயத்த குடிச்சிட்டு செத்திருப்பானுங்க" என்றார். காய்ச்சல் என்று முடிவானால் மலைக்கு மருந்து ஏறும். சாராயம் என்றால் போலீஸ் ஏறும்.

சென்னையில் ஓர் ஆய்வுக்கூடத்தில் புதுச் சோதனை வந்திருந்தது. ஃப்ளூ கிருமியை மட்டும் தேடிப் பிடித்து ஒட்டிக்கொள்ளும் மோனோகுளோனல் ஆன்டிபாடி. தொண்டையில் துடைத்தெடுத்த செல்களில் கிருமி இருந்தால் மைக்ராஸ்கோப்பில் பச்சையாக ஒளிரும். ஐஸில் வைக்க வேண்டும், ஆனால் உறையவிட்டால் செல்கள் வெடித்துவிடும் என்று சொல்லித்தான் குழாய்களைக் கொடுத்தார்கள்.

துடைத்தெடுத்து, குழாய்களை வைத்த ஐஸ் பெட்டியோடு ஜீப்பில் சென்னைக்குப் புறப்பட்டேன். உளுந்தூர்பேட்டைக்கு முன்னால் போராட்டக்காரர்கள் சாலையில் புளியமரங்களை வெட்டிப் போட்டு மறித்திருந்தார்கள்.

"இன்னா ஆளும்மா நீ?" என்றான் ஒருவன். எரிச்சலோடு ஊரை மட்டும் சொன்னேன். அதை வைத்தே என் அப்பாவைக் கண்டுபிடித்துவிட்டார்கள். "நம்ம பொண்ணுடா" என்று மோர் வந்தது. வழி வரவில்லை.

"மரத்த நாளிக்கிதான் எடுப்போம். பொட்டிய குடு, கரையாம பாத்துக்கிறேன்" என்று அங்கே நின்ற குச்சி ஐஸ்காரன் வாங்கிக்கொண்டான்.

"உறையக் கூடாது" என்றேன்.

"எனுக்கே ஐஸப் பத்தி சொல்றியா?" என்று சிரித்தான்.

மறுநாள் சென்னையில் திறந்தபோதுதான் தெரிந்தது. ஐஸ் நிற்க வேண்டுமென்று, தன் வண்டிக்குச் செய்வதுபோலவே கல்லுப்பை அள்ளிப் போட்டுக் கட்டியிருந்தான். உப்புப் பட்டால் ஐஸின் குளிர் இன்னும் ஏறும்; குழாய்கள் அவன் விற்கும் குச்சி ஐஸ் மாதிரி இறுகிக் கிடந்தன. செல்கள் எல்லாம் வெடித்திருந்தன, ஒளிர ஒன்றுமில்லை. நம்ம பொண்ணு என்று ஒரு பிடி கூடுதலாகவே போட்டிருப்பான், பாவி.

மறுபடி எடுக்கலாம் என்று திரும்பினேன். அதற்குள் டாக்டர் சாராயம் என்று எழுதிவிட்டார். போலீஸ் ஏறியது. ஊரே காய்ச்சலோடு காட்டுக்குள் ஓடியது.

அடுத்த வாரம் அதே இருமல் மறியல் செய்தவர்களின் ஊருக்கு வந்தது. டாக்டரே ஜீப்பில் போனார். குழாய் இல்லை, ஐஸ் இல்லை, ஆன்டிபாடியும் இல்லை. நின்ற வாக்கிலேயே ஃப்ளூ என்று எழுதிவிட்டு, மாத்திரை கொடுக்க என்னை உட்கார வைத்தார்.

முதல் ஆளாக இருமிக்கொண்டே வந்து கையை நீட்டினான் ஐஸ்காரன்.

"எங்க சாராயம் குடிச்ச?" என்று கேட்டேன்.